சாவிக்கொத்து லேசரும் சர் சி. வி. ராமனும்

திருவிழாக் கடைகளில் பலூன், பீப்பி, பிளாஸ்டிக் கைக்கடிகாரம் இவற்றுக்கு நடுவே ஒரு குட்டிச் சாவிக்கொத்து தொங்கும். பட்டனை அமுக்கினால் சிவப்பாக ஒரு புள்ளி. வாங்கிய பையன் முதலில் அதை எதிர்வீட்டுச் சுவரில் அடிப்பான். அடுத்தது பூனை. மூன்றாவது, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் வாத்தியாரின் முதுகு! இரண்டு நாளில் பட்டன் பாட்டரி தீர்ந்ததும் அது மேசை டிராயருக்குள் போய்விடும். பாவம்... அந்தச் சின்ன விளக்குக்குள் ஒரு இருநூறு வருட வரலாறு இருப்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

சின்ன லேசரை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வேடிக்கைச் சோதனைகள் ஐந்தாறு இருக்கின்றன. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை லேசர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டுவிட்டன. ஜன்னல் கதவில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே வரும் வெயிலை வைத்தே செய்தார்கள். அப்படி வெயிலை வைத்து வேலை செய்தவர்களில் மிகப் பெரியவர் நம் காவிரிக் கரைக்காரர்.

திருக்காட்டுப்பள்ளி குடமுருட்டிக் கரையில் இருக்கும் ஊர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது அந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து ஆற்றுக்கு எதிராக மேற்கே போனால் கல்லணை. இன்னும் மேலே போனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திருவானைக்காவல். அங்கே, தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். தந்தைவழி முன்னோர்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலபுலன் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். நெல் விளையும் வயல்காட்டிலிருந்து நோபல் பரிசு வரை போன கதை எல்லோருக்கும் பாடப் புத்தகத்தில் தெரியும். ஆனால் அவர் கையில் என்ன கருவி இருந்தது, அதை வைத்து எதைப் பார்த்தார், அதை இன்று நூறு ரூபாய் லேசரை வைத்து எவ்வளவு தூரம் திரும்பப் பார்க்கலாம் என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை

வழக்கமாக எச்சரிக்கையைக் கடைசியில் போடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் முதலிலேயே!

லேசரை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் இவற்றில் பட்டுத் திரும்பி வரும் ஒளியும் நேரடி ஒளி மாதிரிதான். வெயில் நாலா பக்கமும் பரவி வருவது. லேசர் ஒரே திசையில் ஒல்லியாக வருவதால், கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஊசிமுனை அளவு இடத்தில் குவித்துவிடுகிறது. 1 மில்லிவாட்டுக்குக் கீழே உள்ள லேசர் தற்செயலாகக் கண்ணில் பட்டால் கால் விநாடிக்குள் இமை தானாக மூடிக் காப்பாற்றிவிடும். அதற்கு மேலே போகப் போக இமையை நம்ப முடியாது.

"லேபிளில் 5 மில்லிவாட்டுக்குள் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்கலாம். அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 லேசர் பாயின்டர்களை வாங்கிச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. பச்சையில் சுமார் 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு அடங்கவில்லை. பச்சையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பச்சை லேசருக்குள் முதலில் உண்டாவது பச்சையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 808 நானோமீட்டர் ஒளி ஒரு படிகத்தில் பட்டு 1064 ஆகி, அது இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வருகிறது. விலை குறைந்த பாயின்டர்களில் மிச்ச அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதே நிறுவனம் 2010-ல் பரிசோதித்த ஒரு பாயின்டரில் பச்சையைவிடப் பத்து மடங்கு அதிகமாக அகச்சிவப்பு வந்துகொண்டிருந்ததாம்! பார்த்தால் மங்கலான பச்சை, "இது என்ன செய்துவிடும்" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

ஆகவே கூடியவரை சிவப்பு லேசர், மேசையில் ஆடாமல் பொருத்தி, கண் மட்டத்துக்குக் கீழே, பெரியவர் ஒருவர் பக்கத்தில். பச்சை ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் போதும். அதை வாங்குவதைவிட, கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் தரமான விளக்கைக் கேட்டு வாங்கிச் செய்வது நல்லது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

தலைமுடியை அளக்கலாமா?

ஒரு தலைமுடியை லேசரின் வாய்க்குக் குறுக்கே செல்லோடேப் போட்டு ஒட்டி, 2 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அடியுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். சுவரில் முடியின் நிழல் விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். நடுவில் பளிச்சென்று ஒன்று, இரண்டு பக்கமும் கோடு கோடாகச் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும். முடியின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும் ஒளி வளைந்து, இரண்டு பக்க ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் கூடுகிறது, சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த விளிம்பு விளைவு இதுதான்.

நடுவில் இருப்பதை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் ஒரு கறுப்புக்கும் அடுத்த கறுப்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், அதாவது 0.00065 மில்லிமீட்டர். இதைச் சுவருக்குள்ள தூரமான 2000 மில்லிமீட்டரால் பெருக்கி, 20 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.065 மில்லிமீட்டர். முடியின் கனம் அவ்வளவுதான்! வீட்டில் எல்லோர் முடியையும் வாங்கி அளந்தால் யார் முடி மெல்லிசு என்று ஒரு பட்டியலே போடலாம் (சண்டை வந்தால் பொறுப்பல்ல).

இந்தச் சோதனையின் தாத்தா தாமஸ் யங் என்கிற லண்டன் டாக்டர். 1803-ல் ராயல் சொசைட்டியில் அவர் விவரித்த சோதனை இது: இருட்டறையில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெயிலை வரவிட்டு, அதன் குறுக்கே அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை நிறுத்தினார். நிழலுக்குள்ளேயே கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கத்து ஒளியை மறைத்தால் கோடுகள் காணாமல் போயின. ஒளி என்பது துகள் என்று நியூட்டன் காலத்திலிருந்து சொல்லிவந்த ஊரில், இல்லை, அலைதான் என்று சொல்ல ஒரு அட்டைத் துண்டு போதுமானதாக இருந்தது. பல வருடங்களுக்கு யாரும் அவரை நம்பவில்லை என்பது வேறு கதை. அதே யங் பிறகு ஆட்டு ரோமம் போன்ற மெல்லிய இழைகளின் கனத்தை ஒளி வளையத்தை வைத்து அளக்க ஒரு கருவியும் செய்தார். கம்பளி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு விலை என்கிற நாட்டில் அது சும்மா விளையாட்டு இல்லை.

ஸ்டீல் ஸ்கேலும் பதினெட்டு வயதும்

அடுத்த சோதனைக்கு ஒரு எவர்சில்வர் ஸ்கேல் போதும். மில்லிமீட்டர் கோடுகள் செதுக்கியிருக்கும் பழைய வகை. அதை மேசையில் படுக்க வைத்து, லேசரைக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரியே சாய்த்து, கோடுகளின் மேல் உரசிப் போகும்படி அடித்தால் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளிக்குப் பதிலாக ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகள் வரிசை கட்டும். மேலே போகப் போக நெருங்கி வரும். புள்ளிகளின் உயரத்தை அளந்தால், ஒரு மில்லிமீட்டர் கோட்டை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்னதான ஒளியின் அலைநீளத்தைக் கணக்குப் போட்டு விடலாம். ஆர்தர் ஷாலோ 1965-ல் இதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார். லேசருக்கான கொள்கையை 1958-ல் டௌன்ஸோடு சேர்ந்து எழுதியவர் அவர்.

(கொசுறுத் தகவல்: தியோடர் மெய்மன் 1960 மே 16 அன்று முதல் லேசரை எரியவைத்தார். அதில் இருந்தது சிவப்புக் கல், அதாவது ரூபி. ஷாலோ மேடைகளில் ரூபி லேசரை வைத்து, வெளியே உள்ள தெளிவான பலூனுக்கு ஒன்றும் ஆகாமல் உள்ளே இருக்கும் மிக்கி மவுஸ் பலூனை மட்டும் உடைத்துக் காட்டுவார். 1981-ல் நோபல் பரிசும் வாங்கினார்.)

ஸ்கேல் சோதனையில் முக்கியமான சங்கதி ஒளி சாய்வாக வந்து படுவது. சாய்வாகப் பட்டால் ஒளிக்கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். 1906-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் வழக்கமான முப்பட்டகச் சோதனையைச் செய்யும்போது இதைத்தான் கவனித்தார். வகுப்பில் எல்லோரும் கோணத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும், கோடுகள் ஏன் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று யோசித்தார். செவ்வகத் திறப்பில் ஒளி சாய்வாகப் பட்டால் என்ன ஆகும் என்று தனியாக அளந்து, ஒரு கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 'பிலசாபிகல் மேகசின்' என்கிற புகழ்பெற்ற ஆய்விதழில் அது 1906 நவம்பரில் வெளிவந்தது. பதினெட்டு வயது அந்த மாதம்தான் நிறைந்தது. ராமனின் முதல் கட்டுரை அது. கூட எழுதியவர் என்று யாரும் இல்லை.

ஸ்கேலில் லேசரை அடித்துப் பார்க்கும்போது அந்தப் பையனை நினைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருந்தது லேசர் இல்லை, கல்லூரி ஆய்வகத்து விளக்கு.

கணக்கு ஆபீசர்

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இத்தனை சுட்டியான பையன் எம்.ஏ. முடித்ததும் எங்கே போனார் தெரியுமா? அக்கவுன்ட்ஸ் ஆபீசுக்கு! அந்தக் காலத்தில் விஞ்ஞானம் படித்தவருக்கு இந்தியாவில் சோறு போடும் வேலை கிடையாது. அதனால் அகில இந்திய நிதித்துறைத் தேர்வை எழுதினார், முதலாவதாக வந்தார். 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக உட்கார்ந்தபோது வயது இன்னும் பத்தொன்பது ஆகவில்லை.

பத்து வருடம் அந்த வேலை. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வேறு. கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210-ம் எண்ணில் ஒரு கட்டிடம். மகேந்திரலால் சர்க்கார் என்கிற டாக்டர் 1876-ல் தொடங்கிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. ராமன் ஆபீசுக்குப் போகும் முன் காலையிலும், ஆபீஸ் முடிந்து இரவு வரையிலும் அங்கேயே கிடந்தார். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் போனார். லாப நஷ்டக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் செய்த காரியம் அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்த கடல்

பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் லேசரை அடித்தால் ஒரு பங்கு ஒளி மேல்பரப்பில் பட்டுத் திரும்பும். அது விழும் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, வழியில் ஒரு போலராய்டு தாளை வைத்துத் திருப்புங்கள். (போலராய்டு எங்கே கிடைக்கும்? செத்துப்போன கால்குலேட்டரின் திரை மேல் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாள்தான் அது. பைக் ஓட்டுபவர்கள் போடும் 'போலரைஸ்டு' கூலிங் கிளாசும் சரி.) ஒளி மேலிருந்து சுமார் 53 டிகிரி சாய்ந்து விழும்போது, தாளைச் சரியான பக்கம் திருப்பினால் திரும்பி வந்த புள்ளி ஏறக்குறைய காணாமல் போய்விடும். லேசர்கூட வேண்டாம். குடமுருட்டிப் பாலத்தில் நின்று அந்தக் கூலிங் கிளாசைக் கழற்றிப் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தாலே போதும். தண்ணீர் மேல் அடிக்கும் வானத்தின் பளபளப்பு அணைந்து, உள்ளே இருக்கும் செடியும் மீனும் தெரியும்.

1921-ல் ராமன் முதல்முறையாக இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா என்கிற கப்பலில் திரும்பி வந்தார். வழியில் மத்தியதரைக் கடல், கருநீலமாக. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ஒளி விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. ராமன் சட்டைப் பையில் ஒரு நிக்கல் முப்பட்டகம் இருந்தது. கால்குலேட்டர் தாள் செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒரு கால்சைட் படிகம். அதன் வழியாகப் பார்த்து, மேல்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை அணைத்தார். வானத்தின் நீலம் போய்விட்டது. கடலின் நீலம் போகவில்லை, முன்பைவிட அழகாகத் தெரிந்தது! அப்படியானால் அது தண்ணீரின் மூலக்கூறுகளே சிதறடிக்கும் நீலம். கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்ததும் அங்கிருந்தே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைகூடப் பொறுமை இல்லை.

ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் லேசரை அடித்தால் ஒளிக்கோடு தெரியாது. ஒரே ஒரு சொட்டுப் பால் விட்டுக் கலக்கினால் கோடு பளிச்சென்று தோன்றும். ஆற்றுத் தண்ணீரானால் பால்கூட வேண்டாம், வண்டல் போதும். பக்கவாட்டில் இருந்து போலராய்டு வழியாகப் பார்த்துத் தாளைத் திருப்பினால், ஒரு நிலையில் கோடு பிரகாசம், கால் சுற்றில் மங்கல். சிதறிய ஒளிக்கு ஒரு 'பக்கம்' இருக்கிறது என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் தளவிளைவு என்பார்கள். இதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

அழுக்கா, ஒளியா?

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் ராமனும் மாணவர்களும் தண்ணீர், ஆல்கஹால், கிளிசரின் என்று கிடைத்த திரவத்தில் எல்லாம் வெயிலை அடித்துச் சிதறலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1923-ல் பாலக்காட்டுக்காரரான கே. ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். ஊதாப் பக்கத்து ஒளியை மட்டும் உள்ளே அனுப்பினாலும், பக்கவாட்டில் வருவதில் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வேறு நிறம் கலந்திருந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே எப்படி வரும்?

அதற்கு அப்போது தெரிந்த ஒரே பதில் ஒளிர்தல். சில பொருட்கள் ஒரு நிறத்தை விழுங்கி இன்னொரு நிறத்தைத் துப்பும். ஸ்டோக்ஸ் 1852-ல் கண்டு சொன்னது. திரவத்தில் எங்கோ துளி அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று எழுதினார்கள். 'வலுக்குறைந்த ஒளிர்தல்' என்று பெயரும் வைத்தார்கள். ராமனுக்குச் சமாதானமாகவில்லை. திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யச் சொன்னார். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்த மங்கல் ஒளி போகவே இல்லை. 1925-ல் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் அதைப் பார்த்தார். மறுபடியும் அது அப்படியே கிடந்தது.

இந்த நான்கைந்து வருடங்கள்தான் இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி. பாடப் புத்தகத்தில் 1921-ல் கப்பல், 1928-ல் கண்டுபிடிப்பு என்று தாவிவிடுவார்கள். நடுவில், நோபல் பரிசுக்குரிய பொருள் கண் முன்னாலேயே 'அழுக்கு' என்று பெயர் எழுதி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

உடைத்தது கிளிசரின். 1927 கடைசியை ஒட்டி எஸ். வெங்கடேஸ்வரன் என்பவர் நன்றாகச் சுத்தம் செய்த கிளிசரினில் வெயிலை அடித்தார். நீலம் வர வேண்டிய இடத்தில் பளிச்சென்று பச்சை. அதைவிட முக்கியம், அந்தப் பச்சைக்கு 'பக்கம்' இருந்தது! போலராய்டு வேலை பார்க்கும் முப்பட்டகத்தைத் திருப்பினால் மங்கியது. சாதாரணத் திரவத்தில் ஒளிர்தல் அப்படி நடந்துகொள்ளாது. ஒளியை விழுங்கிய மூலக்கூறு, திரும்ப உமிழ்வதற்குள் உருண்டு புரண்டு திசையை மறந்துவிடும். சிதறல்தான் திசையை நினைவில் வைத்திருக்கும். அப்படியானால் இது அழுக்கு இல்லை...

1928 பிப்ரவரி முதல் வாரத்தில் ராமன் கிருஷ்ணனை எழுத்து வேலையை மூட்டைகட்டிவிட்டுச் சோதனைக்கு வரச் சொன்னார். 18 சென்டிமீட்டர் தொலைநோக்கி லென்ஸ் ஒன்றால் வெயிலைக் குவித்தார்கள். வழியில் நீல-ஊதா வடிகட்டி. திரவத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு முன்னால், மஞ்சள்-பச்சை வடிகட்டி. இரண்டையும் சேர்த்து வைத்தால் இருட்டாக இருக்க வேண்டும். இருட்டாக இல்லை. அறுபது திரவங்களைப் பார்த்தார்கள், அறுபதிலும் ஒளி. வெவ்வேறு அழுக்கு அறுபது திரவத்திலும் ஒரே மாதிரியா இருக்கும்? பிப்ரவரி 16 அன்று ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் போனது. 28-ம் தேதி நிறமாலைமானியில் பார்த்தபோது, புதிய ஒளி பழைய ஒளியிலிருந்து இருட்டு இடைவெளியோடு தனியாக நிற்பது தெரிந்தது. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துவிட்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது, அது அவர்களுக்கே தெரியாது! மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவை பிப்ரவரி 21 வாக்கில் பார்த்துவிட்டார்கள். நிதானமாக எழுதிச் சில மாதங்கள் கழித்து வெளியிட்டார்கள். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. ரஷ்யர்களுக்கு அது அநியாயம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கிருஷ்ணனுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இங்கேயே உண்டு. கடிதத்தில் இரண்டு பெயரும் இருக்கும்போது அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்ல முடியாது. ராமநாதன் பிறகு வானிலை ஆராய்ச்சிக்குப் போய், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார், பத்ம விபூஷணும் பெற்றார். ஆனாலும் 1923-ல் கண்ணெதிரே வந்து நின்றதை நினைத்து ஒரு நாளாவது தூக்கம் போயிருக்காதா?

முருங்கைக்கீரை சோதனை

ராமன் விளைவை வீட்டில் பார்க்க முடியுமா? நேர்மையான பதில்: சாவிக்கொத்து லேசரில் முடியாது. உள்ளே போகும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வெளியே வரும். கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். 532 நானோமீட்டர் பச்சை ஆல்கஹாலுக்குள் போனால், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அதிர்வதற்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, 629 நானோமீட்டர் அருகில் சிவப்பாக வெளியே வரும். அதைப் பார்க்க நல்ல வடிகட்டியும் நிறமாலைமானியும் வேண்டும். லேசர் வந்த இரண்டே வருடத்தில், 1962-ல், போர்ட்டோ, வுட் என்ற இருவர் ரூபி லேசரை வைத்து ராமன் நிறமாலையை எடுத்துவிட்டார்கள். பாதரச விளக்கை வைத்து மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் போட்டோத் தகட்டைக் காட்டிக் காத்திருந்த துறை அது. அதன் பிறகு ராமன் விளைவும் லேசரும் பிரியவே இல்லை. மாத்திரை அசலா போலியா என்று கண்டுபிடிக்கக் கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது லேசரும் ராமன் விளைவும்தான். ராமன் 1970 நவம்பர் 21 வரை இருந்தார், லேசரின் முதல் பத்து வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

விளைவைப் பார்க்க முடியாவிட்டாலும், 1923-ல் எழுந்த அந்தக் கேள்வியை வீட்டில் அப்படியே திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். இதற்குத்தான் பச்சை லேசர்.

ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கசக்கி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். (ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையில் வேண்டாம், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.) கரும்பச்சையாக ஒரு சாறு கிடைக்கும். கூடவே இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு நீர்க்க வைத்து, சின்ன மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். அடுத்தது இன்னொரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு சொட்டு ஆடை நீக்கிய பாலும். இரண்டையும் மேசையில் வைத்து, பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்குங்கள்.

பால் தண்ணீரில் பச்சை லேசரை அடித்தால் உள்ளே பச்சைக் கோடு. கீரைச் சாற்றில் அதே பச்சையை அடித்தால் உள்ளே ரத்தச் சிவப்பாக ஒரு கோடு! முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், லேசரை மாற்றிவிட்டாய் என்பார்கள். உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது. ராமநாதன் பார்த்ததும் இந்த ஜாதி ஆச்சரியம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலாக.

இப்போது கால்குலேட்டர் தாளை எடுத்துப் பக்கவாட்டில் இருந்து, பாட்டிலுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்துத் திருப்புங்கள். முதலில் பால் தண்ணீர். பச்சைக் கோடு மங்கும், பிரகாசிக்கும், மங்கும். அடுத்தது கீரைச் சாறு. கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் மிச்சப் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் தெரியும். தாளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் அந்தச் சிவப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இது பச்சையத்தின் ஒளிர்தல். கல்கத்தாவில் சுத்தமான கிளிசரினில் தெரிந்த அந்தப் பச்சை, இந்தத் திருப்பலில் மங்கியது.